பேச்சு நிற்கும் இடம்

மருந்துக்கடைக்காரர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஏன் நிறுத்துகிறார் என்பதுதான் பிடிபடவில்லை.

வாயே திறக்காத ஆசாமி என்றால் அது வேறு கதை. இவர் அப்படியில்லை. அவளுடைய கவுன்சிலிங் அறைக்குள் வந்து, நனைந்த குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, "போன வாரம் எங்க விட்டேன்?" என்று ஆரம்பித்தால் மனிதர் கொட்டித் தீர்ப்பார். கடைக்கு வந்து "அந்த மஞ்சள் மாத்திரை" என்று மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தை இவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல் முறைக்கிறவர்கள். அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தைத் தனக்கும் கேட்கிறவர்கள். சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். அப்படியே பேச்சு கடைப் படியிறங்கி வீட்டுப் பக்கம் போகும். அங்கே மனைவி இல்லை. சண்டை எதுவும் போடாமல் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது சொன்னது இவ்வளவுதான்: "உங்ககிட்ட பேசுறது கவுண்டர்ல நின்னு பேசுற மாதிரி இருக்கு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம். வேற எதுவும் உங்க வாயில வராது."

மனைவியிடம் சொல்லவேண்டிய ஒரு விஷயம் பல வருடமாகத் தனக்குள் கிடப்பதாகவும், அதை ஒரு தடவையாவது வெளியே சொல்லிப் பார்க்கத்தான் கவுன்சிலிங்குக்கு வந்திருப்பதாகவும் முதல் நாளே சொல்லிவிட்டார். அவர்களுடைய இரண்டாவது குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனது. அன்று மாலை இவர் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிப் போய்க் கடையைத் திறந்தார். விஷயம் அதைப் பற்றியது. வாராவாரம் அதன் வாசல்வரை வருவார். ஒரு வாக்கியம் சொல்வார். அவள் முகத்தைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் காத்திருப்பார். தொண்டையைச் செருமுவார். "அவ்வளவுதான் மேடம். பெருசா ஒண்ணுமில்ல." முடிந்தது. மிச்ச நேரம் முழுக்க அலமாரிக்குக் கண்ணாடி போடுவது பற்றியும் மழை பற்றியும்தான்.

விளக்கு எரியவில்லையென்றால் எலக்ட்ரீஷியன் எப்படி ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்ப்பாரோ, அப்படி அவளும் பார்த்துவிட்டாள். சுவர்க் கடிகாரம் அவர் கண்ணில் படுகிறதோ என்று அதை எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். அப்போதும் நிறுத்தினார். நடைபாதையில் ஆள் நடமாட்டம் கேட்கிறதோ என்று கதவுக்கு அடியில் துணியைச் செருகினாள். நிறுத்தினார். காகிதக் கைக்குட்டைப் பெட்டி பக்கத்தில் இருப்பது 'இப்போது அழு' என்று சொல்வதுபோல் இருக்குமோ என்று அதை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தாள். அதற்கும் நிறுத்தினார், போதாக்குறைக்கு அன்று அவருக்குச் சளி, மூக்கைத் துடைக்கக் காகிதமில்லாமல் கைக்குட்டையைத் தேடித் தவித்தார்.

போன வாரம் கிளம்பும்போது குடையை எடுத்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த வாரம் ஒரு தடவை வந்துட்டு நிறுத்திக்கிறேன் மேடம். அதுக்கடுத்த வாரம் அவ மிச்சச் சாமானை எடுக்க வர்றா. அதுக்குள்ள சொல்லிடணும்னு பாத்தேன். உங்க மேல தப்பு இல்ல. எனக்குத்தான் பேச வரல."

உங்க மேல தப்பு இல்ல என்றாரே, அதுதான் அவளை உறுத்தியது. சமாதானம் சொல்லவேண்டிய நாற்காலியில் இருப்பவள் சமாதானம் வாங்கிக்கொண்டு நின்றாள்.

அவள் பயிற்சி பெறும் நிலையத்தில் அவளுக்கு எழுத்தாளரம்மா என்று பெயர். கூடப் படித்த ஒருவன் வைத்த பட்டப்பெயர், ஆனால் அவளுக்கு உள்ளூர அதில் பெருமை. வாரப் பத்திரிகை ஒன்றில் உதவி ஆசிரியையாக இருந்தவள், சிறுகதைகள் எழுதியவள். நாற்பது வயதுக்கு மேல் அதை விட்டுவிட்டு ஆலோசகராகப் படிக்க வந்திருந்தாள். பயிற்சியின் முறை இப்படி: அறைக்குள் ஒலிப்பதிவு கிடையாது, குறிப்பெடுக்கவும் கூடாது. எதிரே ஒருவர் மனம்விட்டுப் பேசும்போது நீங்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தால் அவர் உங்கள் உச்சந்தலையோடா பேசுவார்? அதனால் சும்மா உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர் போனபிறகு, சூடு ஆறுவதற்குள், அவர் சொன்னதையும் நீங்கள் சொன்னதையும் நினைவிலிருந்து வரிக்கு வரி எழுத வேண்டும். அதை மேற்பார்வையாளர் படித்து, எங்கே நன்றாகக் கேட்டீர்கள், எங்கே கோட்டை விட்டீர்கள் என்று காட்டுவார்.

மற்றவர்கள் எழுதுவது பாதி மறந்து, பாதி குழம்பி, மூளி மூளியாக இருக்கும். எழுத்தாளரம்மா எழுதியது மட்டும் முத்துக் கோத்ததுபோல் இருக்கும். வகுப்பில் படிக்கும்போது எல்லோரும் கையில் பிடித்த டீயைக் குடிக்க மறந்து கேட்பார்கள். "எப்படிம்மா இவ்வளவும் ஞாபகம் இருக்கு?" என்று கேட்டால் "தானா நிக்குது" என்பாள்.

மேற்பார்வையாளர் அவளைவிட ஏழெட்டு வயது இளையவர். சுருக்கமாகப் பேசுகிற பெண். மருந்துக்கடைக்காரரின் கடைசி வாரம் நெருங்குகிறது என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க கதை எழுதுறவங்கதானே. அந்த ஒரு மணி நேரத்தை அவரா இருந்து ஒரு கதையா எழுதுங்க. அவர் நாற்காலியில உட்கார்ந்து."

இதைவிட வேறென்ன வேண்டும்? எழுத்தாளரம்மா வீட்டுக்குப் போய் ஒரே மூச்சில் எழுதினாள். மறுநாள் மேற்பார்வை வகுப்பில் குரலை ஏற்றி இறக்கிப் படித்தாள். 'அவளுடைய விழிகளில் என் துயரம் ஒரு மெழுகுவர்த்தியாய் நின்று எரிந்தது' என்ற இடம் வந்தபோது ஓரக்கண்ணால் மற்றவர்களை வேறு பார்த்துக்கொண்டாள்.

வகுப்பில் இன்னொரு ஆள், பட்டப்பெயர் வைத்த அதே ஆள். முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவன். உயரத்துக்கும் ஒல்லிக்கும் ஏற்றபடி அவனை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்பார்கள். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"நல்லா இருக்குக்கா. ஆனா ஒரு சந்தேகம். இதுல மருந்துக்கடைக்காரர் எங்க?"

"அவர்தானேடா பேசுறாரு?"

"பேசுறது அவர். ஆனா பேச்செல்லாம் உங்களப் பத்தி. உங்க விழி, உங்க மௌனம், உங்க கனிவு. பெத்த தாயைக்கூட ஒருத்தன் இப்படிப் புகழ மாட்டான். பாவம், தன் பிள்ளையைப் பத்திப் பேச வந்த மனுஷன்."

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. "சரி, ஒண்ணு கேக்குறேன். அவர் நிறுத்துற இடத்துல, நிறுத்துறதுக்கு ஒரு நொடி முன்னாடி, அவர் கண்ணுக்கு என்ன தெரியுது?"

எழுத்தாளரம்மா தாளைப் புரட்டினாள். மெழுகுவர்த்திதான் இருந்தது.

"மனசுல ஓடுறது எதுவும் வேணாம். கண்ணுக்குத் தெரியுறது, காதுல விழுறது மட்டும் எழுதுங்க."

அங்கேயே பேனாவை எடுத்தாள். நாற்காலி என்று எழுதினாள். ஜன்னல். எதிரே ஒரு பெண். அதற்கு மேல் ஓடவில்லை. எதிரே இருக்கும் பெண்ணின் முகம் என்ன செய்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அவரவர் முகம் அவரவருக்குத் தெரியாதே. எதிரில் இருப்பவருக்கு மட்டும்தானே அது தெரியும்! இத்தனை வருடம் கதை எழுதியும் இந்தச் சின்ன விஷயம் அவளுக்கு உறைத்ததில்லை. காது மடல் சூடேறியது.

"டேய், நீ நானா உட்காரு," என்றாள் ஒட்டடைக்குச்சியிடம். "நான் அவரா பேசுறேன். நான் எப்படிக் கேப்பேனோ அப்படியே கேளு. கேலி பண்ணாத."

"கேலி பண்ணாம உங்களைப் பண்ண முடியுமான்னு பாக்குறேன்," என்று அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, நெட்டை உடம்பைக் கொஞ்சம் முன்னால் வளைத்து, கைகளை மடியில் கோத்து, தலையை லேசாகச் சாய்த்தான். அச்சு அசல் அவளேதான். மேற்பார்வையாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எழுத்தாளரம்மா மருந்துக்கடைக்காரராகப் பேசினாள். மஞ்சள் மாத்திரை, கடை, வீடு. பிறகு அந்த மாலை. அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்: "அன்னைக்குக் கடையில எல்லா மருந்தும் இருந்துச்சு மேடம். எனக்கு எது வேணும்னு கேக்கத்தான் ஆள் இல்ல."

சொல்லிவிட்டு ஒட்டடைக்குச்சியின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த வாக்கியத்துக்கு வாயெடுத்தவள் நிறுத்தினாள். காத்திருந்தாள். அவன் பேசவில்லை.

"என்னடா?"

"என்ன என்னக்கா?"

"ஏதோ சொல்ல வந்தியே."

"நான் எங்க சொல்ல வந்தேன்? நீங்க பண்றதைப் பண்ணேன்."

"நான் என்ன பண்றேன்?"

அவன் சட்டென்று மேற்பார்வையாளரைப் பார்த்தான். கேலி முகம் போய்விட்டது. "வாயில இப்படி... உதட்டை அசைப்பீங்க. சத்தம் வராது. யாராவது நல்ல வரியா ஏதாவது சொல்லிட்டா போதும், அதை அப்படியே மென்னு முழுங்குவீங்க. எங்ககிட்டயும்தான். உங்களுக்கே தெரியும்னு நினைச்சேன்."

எழுத்தாளரம்மா தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"நானும் பாத்திருக்கேன்," என்றார் மேற்பார்வையாளர் மெதுவாக. "பேசிப் பழகுற வகுப்புல. ஆனா அங்க எதிர்ல உட்கார்ந்தது எப்பவும் இவர்தான். இவர் நிறுத்துற ஆளா? எதிர்ல இடி விழுந்தாலும் பேசிட்டே போவாரு. அதனால எனக்கு அது பெருசாத் தெரியல. நான் சொல்லியிருக்கணும். தப்பு என் மேலயும்தான்."

விஷயம் இவ்வளவுதான். இரண்டு பேர் பேசும்போது யார் எப்போது பேசுவது என்று யாரும் கை தூக்கி அனுமதி கேட்பதில்லை. ஆனால் முட்டிக்கொள்ளாமல் மாறி மாறிப் பேசுகிறோம். எப்படி? பேசப் போகிறவர் முதலில் லேசாக மூச்சை இழுப்பார், உதட்டைப் பிரிப்பார். அதைப் பார்த்ததும் மற்றவர், தனக்கே தெரியாமல், வழி விடுவார். குறுகலான வாசலில் எதிரெதிரே வந்த இருவரில் ஒருவர் ஒதுங்கி நிற்பதுபோல. மரியாதை தெரிந்தவர் சீக்கிரமாகவே ஒதுங்குவார். மருந்துக்கடைக்காரர் வாழ்நாள் முழுக்கக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று, எதிரே இருப்பவர் வாயைத் திறந்தால் தன் வாயை மூடிப் பழகியவர். அவர் நெஞ்சைக் கீறி ஒரு வாக்கியம் சொல்கிறார். எழுத்தாளரம்மாவின் உதடு அசைகிறது. ஏதோ சொல்லப் போகிறாள் என்று ஒதுங்கி நிற்கிறார். அவளோ, குறுக்கே பேசக் கூடாது என்று கற்றவள், மௌனமாக இருக்கிறாள். வாசலில் இருவரும் நிற்கிறார்கள். யாரும் போகவில்லை. சொல்ல வந்து சொல்லாமல் விட்டாள் என்றால் தான் சொன்னது பதில் சொல்லக்கூட லாயக்கில்லாதது போல என்று அவர் வெட்கப்பட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார்.

அசைந்த உதடு என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் அவளைக் கூனிக் குறுக வைத்தது. மனப்பாடம். அவர் போனபிறகு எழுத வேண்டுமே, அதற்காக, அவர் பேசப் பேச உள்ளுக்குள் சொல்லிப் பார்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள். 'தானா நிக்குது' என்று பீற்றிக்கொண்டாளே, அது இப்படித்தான் நின்றது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வகுப்பு முடிந்து தனியாக உட்கார்ந்து, இதுவரை எழுதியவற்றையெல்லாம் எடுத்து, அவர் நிறுத்திய இடங்களுக்கு முந்தைய வாக்கியங்களை மட்டும் பார்த்தாள். எல்லாமே அழகான வாக்கியங்கள். எடுத்துப் பத்திரிகையில் போடலாம். அவர் தட்டுத் தடுமாறி, சொன்னதையே சொல்லி, முன்னுக்குப் பின் முரணாகப் பேசிய இடங்களில் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. அப்படியென்றால் அவள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யவில்லை. பொறுக்கினாள். சந்தையில் நல்ல தக்காளி பொறுக்குவதுபோல. எல்லா மருந்தும் இருந்துச்சு என்று அவர் சொன்ன நொடியில் 'இதில் ஒரு கதை தொடங்கலாம்' என்று அந்த நாற்காலியில் வைத்தே அவளுக்குத் தோன்றியதும் நினைவுக்கு வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் பேசிக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவள் முதல் வரி தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

வீட்டில் கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். அவள் சோறு போட்டுவிட்டு எதிரே உம்மென்று உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, "யார் மேல வண்டியை ஏத்திட்டு வந்திருக்க?" என்றார்.

ஆள் யார், பேச்சு என்ன என்று வெளியே சொல்லக் கூடாது. தன் உதட்டைப் பற்றி மட்டும் சொன்னாள்.

"ஓ, அதுவா," என்றார் சாதாரணமாக. "இண்டிகேட்டரைப் போட்டுட்டுத் திரும்பாம நேரா போற கேஸு. எதிர்ல வர்றவன் பிரேக் அடிச்சு நிப்பான். நின்னு நின்னு பாத்துட்டு, இந்த ரோடே வேணாம்னு போயிடுவான்."

"உங்களுக்கும் தெரியுமா? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொல்லலாம்னு வாயெடுப்பேன். நீ ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கும். சரி சொல்லட்டும்னு விட்டுடுவேன்." சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். "பதினெட்டு வருஷமா அப்படித்தான் போகுது குடித்தனம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர் எதையெல்லாம் பாதியில் விட்டாரோ!

மருந்துக்கடைக்காரர் கடைசி முறையாக வந்த அன்று அவள் வழக்கம்போல் காத்திருக்காமல் முதலில் பேசினாள்.

"நீங்க தொடங்குறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். நீங்க அந்தச் சாயங்காலத்தைப் பத்திச் சொல்லும்போதெல்லாம் என் உதடு அசையுது. கவனிச்சிருப்பீங்க."

அவர் தயங்கினார். "ஏதோ சொல்ல வர்றீங்கன்னு நினைப்பேன். அப்புறம் வேணாம்னு விட்டுடுவீங்க. சரி, இதுக்கெல்லாம் என்ன பதில் சொல்றதுன்னு இருக்கும் உங்களுக்கும்."

"நான் எதுவும் சொல்ல வரல. பின்னாடி எழுதி என் மேற்பார்வையாளர்கிட்ட காட்டணும். அதுக்காக நீங்க சொன்னதை மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன்." இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு ஆசை வந்தது. நிறுத்தவில்லை. "அதுவும் எல்லாத்தையும் இல்ல. கேக்க நல்லா இருந்ததை மட்டும். அந்த நேரத்துல நான் உங்களைக் கவனிக்கல. நீங்க பேச வராதவர் இல்ல. பேசவிடாதது நான். மன்னிச்சிடுங்க."

அவர் அவளையே பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்து அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேக்க நல்லா இருந்துச்சா?" என்றார் ஆச்சரியமாக. "நான் பேசினதா?" பிறகு முகம் மெல்ல மாறியது. "ஆனா நல்லா இருந்ததுக்கு அப்புறம்தானே மேடம் விஷயமே இருக்கு."

"தெரியும். இன்னைக்கு மனப்பாடம் பண்ணப் போறதில்ல."

அவர் மறுபடி கடைக்குப் போனார், வீட்டுக்குப் போனார், ஆஸ்பத்திரிக்கு வந்தார். இந்தத் தடவை அழகாக எதுவும் வரவில்லை. தொடங்கினார், விட்டார், இல்ல அது அப்புறம் என்று பின்னால் போனார். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க மனைவியின் ஆட்கள். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர்கள் முன்னால் அழ வெட்கம். யார் கண்ணிலும் படாமல் ஷட்டரை இறக்கிவிட்டு இருக்க அவருக்கு ஊரில் இருந்தது கடை ஒன்றுதான். போய்ப் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதார். யாரோ தட்டினார்கள், குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து என்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கொடுத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் அந்தப் பக்கம் போனார். பிள்ளை போன அன்றைக்கு வியாபாரம் பண்ணினவர் என்று மனைவியின் காதுக்குப் போய்விட்டது. மருந்து கொடுத்தது உண்மைதானே, அதை எப்படி இல்லையென்று சொல்வது என்று அவர் அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

எழுத்தாளரம்மாவின் வாயும் திறக்கவில்லை. அவர் அழுது முடித்து நிமிர்ந்தபோது, மேசைக்கு அடியிலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"இதை அவகிட்ட இப்படியே சொல்லிடலாமா மேடம்?"

"இப்ப எப்படிச் சொன்னீங்களோ, அப்படியே."

"எப்படிச் சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்லையே!"

"எனக்கும் இல்ல," என்றாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது, அவருக்குக் கண்ணீரோடு.

வாசலில் நின்று, "அவ வந்துட்டுப் போனப்புறம் ஒரு தடவை வரலாமா? இதே நேரம்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று அவள் எழுதியது ஒரு பக்கத்துக்குக்கூட வரவில்லை. நடுவில் பெரிய ஓட்டை. 'இதன்பின் வெகுநேரம் பேசினார், அழுதார். எந்த வார்த்தைகளில் சொன்னார் என்று நினைவில்லை' என்று இருந்தது. ஒட்டடைக்குச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, நம்ம லெவலுக்கு இறங்கிட்டீங்க?" என்றான். மேற்பார்வையாளர் இரண்டு தடவை படித்துவிட்டு, அவளுக்கு இனி வழி என்ன என்று அவளையே கேட்டார். அவள் வெட்கம் விலகாமலே சொன்னாள். எதிரே இருப்பவர் பேசும்போது எதையும் மனப்பாடம் செய்யக் கூடாது. பேச ஏதாவது இருந்தால் மட்டும் உதட்டைப் பிரிக்க வேண்டும். பிறகு எழுதும்போது, நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்று எழுத வேண்டும்.